வெயில் நாளில் சொன்ன ‘முடியாது’

அந்த நகராட்சியில் எனக்கு இரண்டு பதவிகள், சம்பளம் ஒன்றுக்குத்தான். நியமன உத்தரவில் இருந்தது உதவிப் பொறியாளர் பதவி. சாலை, மழைநீர் வடிகால், கல்வர்ட் எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்றை நகர மன்றம் ஒரு தீர்மானத்தில் ஒற்றை வரியாகச் சேர்த்திருந்தது: வெள்ளச் சமவெளி நிர்வாகி. அமெரிக்காவின் சிறிய ஊர்களில் இது வழக்கம்தான். ஓரூரில் கட்டட ஆய்வாளர் தலையில் விழும், இன்னோரூரில் நகரச் செயலாளர் தலையில். எங்கள் ஊரில் என் தலையில் விழுந்தது. போட்ட சாலைகளை நான் மறந்துவிட்டேன். இரண்டாவது பதவியில் வாங்கிய திட்டுகள் மட்டும் ஒன்றுவிடாமல் நினைவிருக்கின்றன.

ஹூஸ்டனுக்கும் கால்வெஸ்டன் விரிகுடாவுக்கும் நடுவில், கிளியர் கிரீக் ஓடையின் வடிநிலத்தில் இருக்கிறது ஊர். மேடு பள்ளம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரு மைல் நடந்தால் நிலம் சில அடிதான் இறங்கியிருக்கும். மண்ணோ உள்ளூர்க்காரர்கள் ‘கம்போ’ என்று அழைக்கும் களி. மழை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பக்கத்து ஊர் ஆல்வினில் 1979 ஜூலையில் கிளாடெட் என்ற வெப்பமண்டலப் புயல் 24 மணி நேரத்தில் 42 அங்குலம், அதாவது 1,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டிவிட்டுப் போனது. ஒரு நாள் மழையில் அமெரிக்காவின் சாதனையாக அது 2018 வரை நின்றது. அப்புறம்தான் ஹவாய் அதை முறியடித்தது. இப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்ட வருகிறவர்களிடம் தரையை எவ்வளவு உயரத்தில் போட வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை.

இந்தப் பதவி எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. நஷ்டம் தாங்காமல் தனியார் நிறுவனங்கள் அந்தக் காலத்தில் அந்தத் தொழிலிலிருந்து ஒதுங்கியிருந்தன. 1965-ல் பெட்ஸி புயல் லூசியானாவைப் புரட்டிப் போட்ட பிறகு, 1968-ல் மத்திய அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு பேரம் இருக்கிறது. பாலிசியை வாஷிங்டன் தரும். பதிலுக்கு வெள்ளம் வரும் நிலத்தில் யார் என்ன கட்டுகிறார்கள் என்பதை உள்ளூர் நிர்வாகம் கட்டுப்படுத்த வேண்டும். ஊர் சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேராவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் இந்தப் பாலிசி கிடையாது. பாலிசி இல்லாத வீட்டுக்கு வெள்ளப் பகுதியில் வங்கி கடன் தராது. ஆகவே ஏறக்குறைய எல்லா ஊர்களும் சேர்ந்திருக்கின்றன. வரைபடம் போடுவது ஃபீமா என்ற மத்திய நிறுவனம். ஆனால் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எதிரே நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்வது உள்ளூர் ஆள்தான்.

அந்த வரைபடத்தில் நீல நிறத்தில் ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். கோட்டுக்கு உள்ளே ஏ.இ. ஸோன்: எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் 30 வருட வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். கோட்டுக்கு வெளியே எக்ஸ் ஸோன். உள்ளே இருக்கும் இடங்களுக்கு வெள்ளம் எந்த உயரம் வரை ஏறும் என்று அடிக்கணக்கில் எழுதியிருக்கும். புது வீட்டின் தரை அதற்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் ஊர் சட்டம் அதற்கும் மேல் ஓர் அடி கேட்டது. நான் செய்ததெல்லாம் இந்த ஒற்றை விதியின் கிளைகள்தான்.

காலையில் கவுன்ட்டருக்கு வருகிற மனுக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கானவையே அல்ல. சட்டப்படி மனிதன் நிலத்தில் செய்கிற எந்த மாற்றமும் என் பார்வைக்கு வர வேண்டும். மண் நிரப்புவது, தோண்டுவது, தளம் போடுவது, சரக்கு அடுக்குவது, வேலி, ஷெட், நீச்சல் குளம் எல்லாமே. இதை மக்களுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டம். கொல்லைப்புறத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று ஒருவர் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி நிரவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ததால்தான் எனக்குத் தெரிந்தது. போய் நின்றேன். “என் நிலம், என் காசு, என் மண்ணு. இதுல நகராட்சிக்கு என்ன வேலை?” என்றார். “உங்க கொல்லையில தேங்குன தண்ணி இனிமே எங்க போகும் சார்?” என்று கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை. கொட்டிய கன அளவுக்கு வேறு பக்கத்தில் தோண்டி எடுத்து ஈடு செய்தால்தான் அனுமதி என்பது எங்கள் விதி. கடைசியில் கொல்லையின் கோடியில் ஒரு குட்டை வெட்டினார். பிறகு அதில் வாத்து வளர்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

கோட்டுக்குள் இன்னொரு கோடு உண்டு: ஓடையை ஒட்டி, வெள்ளம் ஓடிப் போவதற்கென்றே ஒதுக்கிய பாதை. அதற்குள் எதை வைத்தாலும் வெள்ள மட்டம் துளியும் ஏறாது என்று பொறியாளர் ஒருவர் கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். துளியும் என்றால் 0.00 அடி. மரப் பலகை வேலிக்கு இந்த வரையறையைச் சொன்னபோது ஒரு அம்மாள் சிரித்துவிட்டார். வெள்ளத்தில் கிளையும் குப்பையும் வந்து அடைத்தால் அந்தப் பலகை வேலி ஓர் அணையாக மாறும். மேல்பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஏறும். அவருக்குக் கம்பி வேலி கூட வேண்டாம், மூன்று அடிக்கு ஒரு மரக்கால் நட்டுக் குறுக்கே இரண்டு சட்டம் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நாய் வெளியே ஓடிவிடுமே என்றார். நாய்க்குச் சட்டத்தில் இடமில்லை.

புது வீடுகளில் என் உயிர் போவது ‘ஃபார்ம் சர்வே’ அன்று. எங்கள் பக்கம் பெரும்பாலும் ஸ்லாப் வீடுகள். பலகையால் சட்டம் அடித்து, கம்பி கட்டி, ஒரே நாளில் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். ஊற்றிய பிறகு தரை தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்ய முடியும்? அதனால் ஊற்றுவதற்கு முன்பே சர்வேயர் வந்து பலகையின் மேல் விளிம்பை அளந்து தாள் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். ஒரு நாள் அதிகாலை தாள் வந்தது. தரை இருக்க வேண்டியது கடல் மட்டத்துக்கு மேல் 22 அடி. பலகை இருந்தது 21.66. நாலு அங்குலம் குறைவு. மேஸ்திரியோ பம்ப் லாரியை வரவழைத்து நிறுத்தியிருந்தார்.

“மேம், நாலு அங்குலம். நல்ல தடியான கார்ப்பெட்டா போட்டுடறேன்.”

“கார்ப்பெட் முதல்ல நனையும்.”

“கான்கிரீட் கிளம்பியாச்சு. திருப்பி அனுப்பினா யார் காசு?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிளான்ட்டிலிருந்து கிளம்பிய கான்கிரீட்டை வைத்திருக்க முடியாது. அந்தக் கலவை அன்று வேறு ஒரு மனையின் டிரைவ்வேக்குப் போனது, அவருக்கு ஒரு நாள் கூலியும் வாடகையும் நஷ்டம். பலகையை உயர்த்தி அடித்துத் திரும்ப அளந்த பிறகு ஊற்றினார்கள். அதன் பிறகு அந்த மேஸ்திரி என்னைத் தெருவில் கண்டால் தொப்பியைத் தூக்குவதை நிறுத்திவிட்டார்.

உயரம் என்பதே எங்கள் பக்கத்தில் நம்ப முடியாத பொருள். எண்ணெய் ஆலைகளும் ஊர்களும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் ஹூஸ்டன் வட்டாரத்தின் தரையே இறங்கிவிட்டது. இதைத் தடுக்கவே 1975-ல் டெக்சஸ் சட்டமன்றம் ஹாரிஸ்-கால்வெஸ்டன் நிலம் தாழ்தல் மாவட்டம் என்ற தனி அமைப்பை உருவாக்கியது. தரை இறங்கும்போது, உயரம் அளக்க நட்டுவைத்த பெஞ்ச்மார்க்கும் சேர்ந்து இறங்கும். பழைய பெஞ்ச்மார்க்கை நம்பி அளந்தால் வீடு காகிதத்தில் உயரமாகவும் நிலத்தில் தாழ்வாகவும் இருக்கும். சர்வேயர் அளந்து தரும் உயரச் சான்றிதழ் ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது எண்ணை இல்லை. எந்த அளவை முறையில், எந்த ஆண்டுச் சரிசெய்தலில் அளந்தது என்ற சின்னக் கட்டத்தை. அடுத்தது ஏ.சி. இயந்திரம் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை. வீட்டை மேலே தூக்கிவிட்டு ஏ.சி.யைப் புல்தரையில் வைக்கிறவர்கள் ஏராளம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களைப் பேடவுனுக்கு ஒரு முறையாவது கூட்டிப் போவேன். அங்கே விரிகுடாவை ஒட்டி பிரவுன்வுட் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. எண்ணெய் நிறுவனத்தின் மேலாளர்கள் வாழ்ந்த வசதியான பகுதி. தரை பல அடி தாழ்ந்து, ஒவ்வொரு புயலுக்கும் கடல் வாசலுக்கு வந்து, கடைசியில் 1983-ல் அலிஷியா புயல் அதை முடித்துவைத்தது. இப்போது அது பேடவுன் இயற்கை மையம் என்ற சரணாலயம். பறவை பார்க்க வருகிறவர்கள் நடக்கும் பாதைகளில் பழைய தெருக்களின் தாரும் கர்ப் கல்லும் தட்டுப்படும். சட்டப் புத்தகத்தை மூன்று நாள் நடத்துவதைவிட அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நடத்துவது பலன் தரும்.

கவுன்ட்டருக்கு வருகிற இன்னொரு கூட்டம், கோட்டுக்கு வெளியே போகத் துடிப்பவர்கள். வீட்டைச் சுற்றியுள்ள மண்ணின் மிகத் தாழ்ந்த இடம்கூட வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று சர்வேயர் அளந்து காட்டினால், வரைபடத்திலிருந்து அந்த வீட்டை நீக்கி ஃபீமா ஒரு கடிதம் தரும். தனி வீட்டுக்கு ஃபீமா கட்டணம் வாங்குவதில்லை. கடிதம் வந்ததும் வங்கி இன்சூரன்ஸைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. நன்றி சொல்லக் கேக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. ஒவ்வொருவரிடமும், “பாலிசியை மட்டும் நிறுத்திடாதீங்க, கோடு கடிதத்துல நகர்ந்திருக்கு, தண்ணி அதைப் படிக்கறதில்ல” என்பேன். கேக்கை நீட்டிய கையோடு தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் பாலிசியை ரத்து செய்வார்கள்.

வேலையில் என்னை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். கோட்டுக்கு உள்ளே ஓர் அங்குலத்துக்கு நான் லாரியை நிறுத்தலாம். வெளியே இருப்பவரிடம் வாய்ச்சொல் தவிர என்னிடம் எதுவும் கிடையாது. மேலும், சட்டம் புதிதாகக் கட்டுவதைத்தான் தொடும். வரைபடம் வருவதற்கு முன் தாழ்வாகக் கட்டிய நூற்றுக்கணக்கான வீடுகள் அப்படியே இருந்தன. அவற்றைத் தொட எனக்கு ஒரே ஒரு கதவுதான்: பாதி விலை விதி. பழைய வீட்டை விரிவாக்கும் செலவோ, சேதமான வீட்டைப் பழுது பார்க்கும் செலவோ, நிலம் நீங்கலாகக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், அந்த வீடு புது வீடாகக் கருதப்படும். அதாவது தரையை உயர்த்தியாக வேண்டும்.

அந்தக் கதவு அகலத் திறந்தது 2017 ஆகஸ்டில். ஹார்வி புயல் 25-ஆம் தேதி ராக்போர்ட் அருகே கரையேறி, அப்புறம் நகராமல் அப்படியே எங்கள் மேல் உட்கார்ந்துகொண்டது. நீடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்தைத் தாண்டியது மழை. எங்கள் வடிநிலத்தில் 40-ஐத் தாண்டியது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கோட்டுக்கு வெளியே இருந்தவை. அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோரிடம் பாலிசி இல்லை.

தண்ணீர் வடிந்ததும் கிளிப் பேடும் ஃபீமா கொடுத்த கணக்கு மென்பொருளுமாக நாங்கள் வீடு வீடாக இறங்கினோம். தெருவின் இரு பக்கமும் ஈரச் சுவர்ப் பலகை, இன்சுலேஷன், மெத்தை, குழந்தைகளின் ஆல்பம் எல்லாம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. முந்தின வாரம் வரை வேலி, ஷெட் என்று என்னோடு மல்லுக்கட்டியவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதவர்களின் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டேன்.

நாசாவின் விண்வெளி மையம் எங்கள் பக்கம் வந்த 1960-களில் முளைத்த குடியிருப்பு ஒன்று. அதில் ஒரு விதவைப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர். கடன் அடைந்துவிட்டதால் வங்கியின் கட்டாயம் போய்விட்டது, கணவர் போன பிறகு பிரீமியமும் கட்டவில்லை. சர்ச்சிலிருந்து இளைஞர்கள் வந்து சுவரைப் பிய்த்தெடுத்து, உலர்த்தி, புதுப் பலகை அடித்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பலகையும் ஒரு கடைக்காரரின் தானம். எனக்கு விதி என்ன சொல்கிறது என்றால், இலவச உழைப்புக்கும் தானமாக வந்த பொருளுக்கும் சந்தை விலை போட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். பழைய வீடு, கட்டடத்தின் மதிப்பு குறைவு. மதிப்பு குறைந்த வீட்டில் செலவு பாதியைச் சீக்கிரம் தாண்டிவிடும். இந்த விதி வசதி இல்லாதவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது. வரி மதிப்பீட்டை ஏற்க வேண்டியதில்லை, தனி மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளலாம், செலவுப் பட்டியலைப் பிரித்துக் கேட்கலாம் என்று சட்டத்தில் உள்ள வழிகளையெல்லாம் சொன்னேன். அவரும் முயன்றார். அப்போதும் பாதிக்கு மேல்தான் நின்றது.

கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்லாப் வீட்டைப் பெயர்த்து உயர்த்துவதற்குப் பெரும்பாலும் லட்சம் டாலருக்கு மேல் ஆகும். பாலிசி இருந்திருந்தால் உயர்த்துவதற்கென்றே 30,000 டாலர் வரை தனியாகக் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “தொண்ணூறுகள்ல நாங்க பின்னாடி பெரிய ரூம் எடுத்தோம், கிச்சனை மாத்தினோம். இதே ஆபீஸ்லதான் பெர்மிட் வாங்கினோம். அப்ப யாருமே உயரத்தைப் பத்திப் பேசலையே?”

திரும்பி வந்து கோப்பை எடுத்துப் பார்த்தேன். பெர்மிட் இருந்தது. செலவு என்று எழுதியிருந்த தொகை ஒரு கிச்சனுக்கே போதாது. பெரிய ரூம் என்ற பேச்சே அதில் இல்லை. வெள்ளப் பகுதியா என்ற கட்டத்தில் யாரும் டிக் அடிக்கவில்லை. அன்று அந்தக் கவுன்ட்டரில் இருந்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஊர்க்காரர்கள், தெரிந்த முகம், வெயில் காயும் ஒரு நாள். எதற்குத் தொந்தரவு என்று விட்டிருப்பார். அன்று கணக்கைச் சரியாகப் பார்த்து, “இவ்வளவு பெரிசா எடுத்தா வீட்டையே உயர்த்தணும், யோசிங்க” என்று சொல்லியிருக்கலாம். கணவன், மனைவி, இரண்டு சம்பளம், வங்கிக் கடன் வாங்கும் வயது எல்லாம் இருந்த காலம் அது. சொல்லியிருந்தால் அவர்கள் உயர்த்தியிருக்கலாம், கட்டாமல் விட்டிருக்கலாம், விற்றுவிட்டுப் போயிருக்கலாம். சொல்ல வேண்டிய அதே ‘முடியாது’வை, எல்லா வழியும் அடைபட்ட பிறகு அவர் வாசலில் நின்று நான் சொல்லும்படி ஆயிற்று.

அதே தெருவில் எதிர்ச்சாரி வீடு கோட்டுக்கு வெளியே. அதே அளவு தண்ணீர், அதே குப்பை மேடு. அதன் சொந்தக்காரருக்கு என் கடிதம் கிடையாது. பழைய உயரத்திலேயே சுவரடித்து ஆறு மாதத்தில் வீட்டை விற்றுவிட்டார். அந்தப் பெண்மணியின் வீட்டைக் கடைசியில் மத்திய நிதியில் நகரமே வாங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் திட்டத்தில் வாங்கிய நிலத்தில் எப்போதும் யாரும் வீடு கட்ட முடியாது, பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். அவர் மகள் வீட்டுக்கு டல்லஸ் பக்கம் போய்விட்டார். எதிர்ச்சாரி வீட்டை வாங்கியவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வீட்டின் கதை அவருக்கும் தெரிந்திருக்காது. வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததா, 500 ஆண்டு வெள்ளப் பகுதியில் (எந்த ஓர் ஆண்டிலும் 500-ல் ஒரு வாய்ப்பு) இருக்கிறதா என்றெல்லாம் விற்பவர் எழுதித் தர வேண்டும் என்று டெக்சஸ் விரிவான சட்டம் போட்டது 2019-ல்தான்.

2018-ல் எங்கள் நகர மன்றத்தில் கூடுதல் உயரத்தை ஏற்றும் தீர்மானம் வந்தது. அந்த ஏப்ரலில் ஹூஸ்டன் தன் விதியை மாற்றியிருந்தது: புது வீட்டின் தரை 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கும் இரண்டு அடி மேலே இருக்க வேண்டும், கோட்டுக்கு வெளியே 500 ஆண்டு வெள்ளப் பகுதி வரை அது செல்லும். அங்கேயே அது 9-க்கு 7 என்று நூலிழையில்தான் நிறைவேறியது. எங்கள் மன்றத்தில் வீடு கட்டும் தொழில் செய்பவர்கள் வரிசையாக மைக்கில் வந்து, வீட்டு விலை ஏறும், வாங்க ஆளிருக்காது என்றார்கள். ஏறும்தான். கட்டும்போது இரண்டு அடி உயர்த்த ஆகும் செலவையும், கட்டிய வீட்டைப் பெயர்த்து உயர்த்த ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அந்த மேஸ்திரியும் வந்திருந்தார். எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மைக்கில் அவர் சொன்னது: “இந்தம்மா நிறுத்தி வச்ச வீட்டுல ஹார்வி தண்ணி வாசப்படி வரைக்கும்தான் வந்துச்சு. எனக்கு எந்த உயரம்னாலும் சரி, எல்லாருக்கும் ஒரே உயரமா வைங்க.” தீர்மானம் நிறைவேறியது. தொப்பியை மட்டும் அவர் அன்றும் தூக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் டெக்சஸுக்கான புது மழைக் கணக்கு வெளியானது. ஹூஸ்டன் பகுதியில் ஒரு நாளில் பெய்ய நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழை பழைய கணக்கில் 13 அங்குலம். புதியதில் சில இடங்களில் 18 வரை போயிற்று. அதாவது நான் அத்தனை வருடமும் காவல் காத்த கோடு, மழை குறைவாகப் பெய்யும் என்று நம்பிப் போட்டது. அதற்காக அந்த வேலையை வீண் என்று சொல்ல மாட்டேன். பழைய கோட்டுக்கு மேல் ஓர் அடி உயர்த்தியவர்களில் பலர் தப்பினார்கள். ஆனால் கோட்டைக் காட்டி “நீங்க வெளியே இருக்கீங்க, கவலையில்ல” என்று சொன்னவர்களை எனக்கு அதன் பிறகு பொறுக்க முடியவில்லை.

ஓய்வு பெற்றாகிவிட்டது. போன் மட்டும் ஓய்வு பெறவில்லை. பேர்லாந்து மீனாட்சி கோயிலில் யாராவது ஒருவரிடம் என் எண் இருக்கும். வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கூப்பிடுவார்கள்.

“அக்கா, வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஸ்கூல் நல்லா இருக்கு, கோயிலுக்குப் பத்து நிமிஷம், வடக்குப் பார்த்த வாசல். வாஸ்துகூட ஊர்ல கேட்டாச்சு.”

“தண்ணியைக் கேட்டியாம்மா?”

“எக்ஸ் ஸோனாம் அக்கா. இன்சூரன்ஸே வேண்டாம்னு ஏஜென்ட் சொன்னார்.”

“வேண்டியதில்லன்னு சொல்லியிருப்பார். வங்கி கேக்காதுன்னு அர்த்தம். விக்கறவங்க எழுதிக் குடுத்த ஃபார்ம்ல வெள்ளம் பத்தின பக்கத்தை எனக்கு அனுப்பு. நகராட்சிக்குப் போன் பண்ணி உயரச் சான்றிதழ் கோப்புல இருக்கான்னு கேளு. தெருக்கோடியில இருக்கற வயசானவங்க யார்கிட்டயாவது 2017-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு விசாரி.”

அடுத்த வாரம் பக்கம் வந்தது. ஹார்வியில் தண்ணீர் புகுந்த வீடு, உயர்த்தாமல் சுவர் மட்டும் புதுசு. “வாங்காதேம்மா” என்றேன். அந்தப் பெண்ணின் கணவர் போனை வாங்கி, ஏற்கெனவே எவ்வளவு அலைந்தாயிற்று, விலை எவ்வளவு குறைவு என்று கொஞ்சம் கோபமாகவே பேசினார். கவுன்ட்டரில் கேட்ட குரல்தான், எனக்குப் புதிதில்லை. இப்போது என்னிடம் சட்டமும் இல்லை, நிறுத்தி வைக்க லாரியும் இல்லை. வெள்ளப் பாலிசியில் வீட்டுக்கு 2,50,000 டாலரும் பொருளுக்கு 1,00,000 டாலரும்தான் உச்சம். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடிப் போய் வாங்கினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். பாலிசி பணம் தருமே தவிர தண்ணீரைத் தடுக்காது. இவ்வளவையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த வீட்டை அவர்கள் வாங்கவில்லை. மூன்று தெரு தள்ளி, தரை இரண்டடி உயரமாக உள்ள வேறொன்றை வாங்கினார்கள். அதுவும் எக்ஸ் ஸோன்தான். ஆனால் பாலிசியை எடுத்துவிட்டுத்தான் பால் காய்ச்சினார்கள்.